கடைவாய்ச் சந்திப்பு

மாடி அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அங்கே ஓடுகிற பொம்மை ரயில் வண்டி தடம் புரண்டால் யாரும் தொடக் கூடாது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வருவார், குனிவார், விழுந்த பெட்டியை இரண்டு விரலால் எடுத்துத் தண்டவாளத்தில் வைப்பார், "ம், போகலாம்" என்பார். அதற்கப்புறம்தான் வண்டி நகரும். ஏன் இப்படி என்று கேட்டால், ஆளாளுக்குக் கை வைத்தால் கொக்கி உடையும், சக்கரம் கோணும் என்று ஒரு பாட்டம் பாடித் தீர்ப்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலைக் கண்ணுக்கு நேராகக் காட்டினாலும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

அவர் தொழில், பல்செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து இவர் பட்டறையில் பல்வரிசை கட்டிக் கொடுப்பார். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் இவர் பல்லால்தான் சிரித்தார்கள். அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டர் மாவையெல்லாம் வீணாக்காமல் மாடிக்குக் கொண்டுபோய், அறையின் நாலு சுவரையும் ஒட்டிப் போட்ட பலகை மேல் ஒரு மலை எழுப்பினார். அதற்குப் பல்லுமலை என்று பெயர் வைத்தார். மலையைக் குடைந்து போகிற பாதை வெளியே வந்து இரண்டாகப் பிரிகிற இடம் கடைவாய்ச் சந்திப்பு. அதற்கடுத்த ஸ்டேஷன் மாமியார் வீடு. எந்த வண்டியும் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் மனைவி லாண்டரிக் கடை வைத்திருந்தாள். இங்க், எண்ணெய், துரு, குழந்தை கக்கியது, குடிகாரன் கொட்டியது, எதுவானாலும் எடுத்துவிடுவாள். கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதைப் போக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. மாடியைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இருந்ததில்லை. ஏழு கழுதை வயதில் ஒரு மனுஷனுக்கு விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

அப்புறம் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது, பிறகு வேலையில். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் முழுசாகப் போகாது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கையோடு ஒத்துப்போங்கள் என்றார் டாக்டர். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையோடு மயிரிழை பிசகாமல் பொருத்துகிறவர் நடுங்குகிற கையோடு எப்படி ஒத்துப்போவார்? ஒரு அம்மாளுக்குச் செய்த செட், ஈறைக் குத்துகிறது என்று திரும்பி வந்தது. அன்றைக்கே பட்டறையைப் பூட்டினார்.

பூட்டிவிட்டு ஹாலில் ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தேவிட்டார். மழைக்காலம் முழுக்க அங்கேதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். கேட்டால் பதில் சொன்னார். சண்டை மட்டும் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கரண்ட் பில், குழம்பில் உப்பு, செருப்பு விட்ட இடம் என்று எதற்காவது மல்லுக்கு நிற்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டால் அது வீடா என்ன? கடையை மூடிவிட்டு உள்ளே வரவே அவளுக்குக் கால் கூசியது.

அவரை எழுப்பியது அவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வண்டி ஓட்ட வருகிற கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பேக்கரிக்காரர்; அவர் வந்தால் தெருமுனைக்கே குரல் கேட்கும். இன்னொருவர் கணக்கு டீச்சர். வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுவது அந்த அம்மாள்தான், அரை நிமிஷம் தாமதமானாலும் முகத்தைச் சுளிப்பார். மழை விட்டதும் இரண்டு பேரும் வந்து நாற்காலிக்கு முன்னால் நின்று, எஞ்சினெல்லாம் உங்களைக் கேட்கிறது என்று நச்சரித்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது அவர் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. குழம்பில் உப்புக் கம்மி என்றார். அவள் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் படுக்கப் போகுமுன் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரு பெட்டியை எடுத்துத் தண்டவாளத்துல வைக்க என் கைக்கு வராமப் போற அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டிடுவேன். அப்புறம் அந்த ரூம்ல நீ துணி காயப் போட்டுக்கலாம்."

சொன்னால் செய்கிறவர். கழட்டிவிட்டு எங்கே போவார் என்பதும் அவளுக்குத் தெரியும். நேராக அந்த நாற்காலிக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பேக்கரிக்காரர் ஓட்டிய சரக்கு வண்டி கடைவாயில் தடம் புரண்டது. சட்டப்படி அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் வந்து குனிந்து பெட்டியை எடுத்தார். முன்சக்கரம் உட்கார்ந்தால் பின்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் உட்கார்ந்தால் முன்சக்கரம் இறங்கியது. பேக்கரிக்காரர் கூரையில் பல்லி தேடினார். டீச்சர் சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியை மறுபடி துடைத்தார். கடைசியில் எப்படியோ உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு மாத்திரை போட மறந்துவிட்டேன் என்றார் அவர். டீ கொண்டுவந்திருந்த அவள் வாசற்படியிலேயே நின்றாள். காலையில் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்ததே அவள்தான்.

வண்டி விழுந்தால்தானே எடுத்து வைக்க வேண்டும்? விழாமலே பார்த்துக்கொண்டால்? அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து, அவர் காலையில் நடக்கப் போகிற நேரத்தில் அவள் மாடிக்கு ஏறினாள். சொந்த வீட்டில் பூனை மாதிரி நடந்தாள். ஒரு பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே அறையைச் சுற்றினாள். எங்கே குலுங்குகிறதோ அங்கே நின்றாள். துணியில் பிசிறு தேடிப் பழகிய விரல் அது, இரண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் மேடு இருந்தால் ஒரு தடவலில் சொல்லிவிடும். பூட்டிய பட்டறையிலிருந்து பல் ராவுகிற மெல்லிய அரத்தைக் கொண்டுவந்து அந்த மேட்டை ராவினாள். தண்டவாளத்தைக் கடையில் இருந்த ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தாள். பெட்டியை வைக்கவும் கற்றுக்கொண்டாள். முதல் தடவை வியர்த்து விறுவிறுத்துப் போனாள். இந்த மனுஷன் இதை இரண்டு விரலால் செய்தாரா என்று அப்போதுதான் தோன்றியது. முன்சக்கரத்தை வைத்து, பெட்டியை லேசாக ஆட்டினால் பின்சக்கரம் 'டிக்' என்று தானே உட்காரும். அந்த டிக் பிடிபட்ட அன்று, யாரிடமும் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் வழுக்கிக்கொண்டு போயின. வண்டிகள் விழவே இல்லை. பாதை நன்றாக இறுகிவிட்டது, போட்ட கை அப்படி என்று வீட்டுக்காரர் பீற்றிக்கொண்டார். பேக்கரிக்காரர் ஆமாம் போட்டார். டீச்சர் மட்டும் ஒரு தடவை அவளை ஒரு பார்வை பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான்; ஆனால் சோறு நிறைய இருந்ததால் மறைந்திருந்தது. அழுக்கு மட்டும் அவள் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் மறைந்தே இருந்திருக்கும்.

மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் நாலு நிலக்கரிப் பெட்டிகள் நின்றன. ஒரு நாள் அதில் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கதவோரமெல்லாம் துரு வழிந்திருந்தது. மேலே புகைக்கரி, அடியில் சேறு தெறித்த புள்ளிகள். அடக் கண்றாவியே, எத்தனை வருஷத்து அழுக்கு இது! கை சும்மா இருக்குமா? நாலையும் மடியில் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். பழைய பல் தேய்க்கும் பிரஷையும் கறை எடுக்கிற தண்ணீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது நாலு பெட்டியும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி மின்னின. அவர் வருமுன் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அழுக்கு அழுக்கே இல்லை. கடையில் வாங்குகிற பெட்டி பிளாஸ்டிக் பளபளப்போடு வரும். நிஜ நிலக்கரிப் பெட்டி பளபளத்து யார் பார்த்திருக்கிறார்கள்? அதனால் அவர் பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து, கரித்தூள் சேர்த்து, ஸ்பாஞ்சால் ஒத்தி ஒத்தித் துருவையும் புகையையும் சேற்றையும் தன் கையால் உண்டாக்கியிருந்தார். ஒரு பெட்டிக்கு வாரக்கணக்கில் உட்காருவார். நடுக்கம் வருமுன் அவர் கை செய்த கடைசி நல்ல வேலைகளில் அது ஒன்று. அவள்தான் அந்தக் காலத்தில் மாடிப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரக்கு வண்டி பல்லுமலைக்குள் நுழைந்து கடைவாய் வழியாக வெளியே வந்தது. எஞ்சின் கரி படிந்து வந்தது. பின்னால் நாலு பெட்டிகள் பவுடர் பூசிய மாப்பிள்ளைகள் மாதிரி வந்தன. பெட்டியெல்லாம் குளித்துவிட்டு வருகிறதே அண்ணே என்று பேக்கரிக்காரர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர் ஒரு பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் மனைவியின் கையில் எப்போதும் இருக்கிற வாசனை. பிறகு பூதக்கண்ணாடியைத் தண்டவாளத்தின் மேல் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். இணைப்புக்கு இணைப்பு, அரம் பட்ட இடம் புதுசாக மின்னியது. அந்த அரத்தை அவர் தொட்டே எத்தனையோ நாளாயிற்று. நிமிர்ந்து வாசற்படியைப் பார்த்தார். அங்கே டீத் தட்டோடு அவள் நின்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவர் எட்டி மின்சாரத்தை நிறுத்தினார். கூட்டாளிகள் டீயைத் தொடாமல் இறங்கிப் போனார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

மழை விட்டதிலிருந்து என்றாள். நான் பெருமையடித்துக்கொண்டபோதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தாயா என்று கேட்டார். ஐயோ, இல்லவே இல்லை என்றாள். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. இறங்கிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நடக்கப் போகவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். மாமியார் வீடு இருக்கிற பலகையின் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அது வழுக்கியது. வைத்தார், வழுக்கியது. பலகையில் கோடு கோடாக விழுந்தது. ஒரு திருகாணி பாதி வெளியே வந்ததும் நின்றார்.

"இங்க வந்து பிடி."

"மாட்டேன். கட்டினது நீங்க. பிரிக்கணும்னா நீங்களே பிரிங்க."

"முடியலைன்னுதானே கூப்பிடறேன்."

அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் முதல் தடவையாகக் கேட்டாள். பட்டறையைப் பூட்டிய அன்றுகூடப் பிடிக்கவில்லை என்றாரே தவிர முடியவில்லை என்று சொன்னதில்லை. அவரும் தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்தவர் மாதிரி நின்றார். அவளுக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. போனால் ஸ்க்ரூடிரைவரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

"பெட்டியைக் கழுவினது என் தப்பு" என்றாள். "அதுக்கு என்ன வேணா திட்டுங்க. திருட்டுத்தனமா மேல வந்ததுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். நீங்க மறுபடி அந்த நாற்காலில உக்காந்துடுவீங்களோன்னு பயமா இருக்குங்க. எனக்கு வேற வழி தெரியல. மழைக்காலம் முழுக்க நீங்க அங்கதான் இருந்தீங்க. ஆனா இந்த வீட்டுல நான் தனியா இருந்தேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பாதி கழன்ற திருகாணி அப்படியே நின்றது.

அப்புறம் வீட்டில் பேச்சில்லை. அவர் நாற்காலியிலும் உட்காரவில்லை, மாடிக்கும் போகவில்லை. கொல்லையில் நின்றார், தெருவில் நின்றார், நடக்கப் போனால் சீக்கிரம் திரும்பவில்லை. அவள் துணியைத் தேய்த்தாள். ஒரு வாடிக்கையாளர் சட்டையின் கை பொசுங்கும்வரை இஸ்திரிப் பெட்டியை அதன் மேலேயே வைத்துவிட்டு நஷ்டஈடு கொடுத்தாள். தொழிலுக்கு வந்த இத்தனை காலத்தில் அப்படி நடந்ததில்லை.

வார நடுவில் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. திட்டுகிற சத்தம். ஊரில் இருக்கிற துணியெல்லாம் பற்றாதென்று என் பெட்டியை வெளுக்க வந்துவிட்டாள், இவளை விட்டால் பல்லுமலையையே சோப்புப் போட்டு அலசுவாள் என்று தனக்குத்தானே கத்திக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் படியேறினாள். திட்டு வாங்கப் போகிறவள் அவ்வளவு சந்தோஷமாக எந்த வீட்டிலும் படியேறியிருக்க மாட்டாள்.

மேஜை மேல் ஒரு நிலக்கரிப் பெட்டி. பக்கத்தில் கரைத்த பழுப்புப் பெயிண்ட். பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டுவதானாலும் இவ்வளவு சுத்தமான நிலக்கரிப் பெட்டியை அவரால் சகிக்க முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கதவுக்குக் கீழே துரு வழிந்த மாதிரி ஒரு கோடு இழுக்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. பிரஷ் உதறியது. கோடு அங்கங்கே அறுந்து, பக்கமெல்லாம் புள்ளியாகத் தெறித்தது. நாசமாய்ப் போயிற்று என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நாசம் என்று பார்க்கப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

கண்ணாடியை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு மெல்ல நகர்த்தினார். பிறகு, திரும்பாமலே, இங்கே வா என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். துணியில் எத்தனையோ துருவைப் பார்த்த கண். இது பெயிண்ட் என்று தெரிந்தும் விரல் அதைச் சுரண்டப் போயிற்று.

"இதை என்கிட்ட கொண்டுவந்தா போகாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள்.

ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு இந்த நிஜத் துருவைத்தான் தேடினேன், அப்போது வரவே இல்லை என்றார் அவர். அவளிடமா, கையிடமா என்று தெரியவில்லை. மீதி மூன்று பெட்டிகளையும் எடுத்தார். எங்கே உதற வேண்டும் என்று கைக்கே விட்டுவிட்டார். அவள் கடை மணி அடித்தும் இறங்கவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் முதல் பெட்டியைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கை அதே கைதான். முன்சக்கரம் உட்கார்ந்தது, பின்சக்கரம் இறங்கியது. மறுபடி வைத்தார். பெட்டி சாய்ந்து விழுந்தது. அவளுக்கு விரல் துறுதுறுத்தது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டாள். அவள் கட்டிக்கொண்டதை அவர் பார்த்தார். பெட்டியை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கீழே போனார்.

அந்த வாரம் அவள் ஒரு இணைப்பையும் தடவவில்லை. திருகாணி வெளியே துருத்திக்கொண்டே இருந்தது. பிரிக்கப் போகிறாரா, ஓட்டப் போகிறாரா என்று கேட்கவும் அவளுக்குத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேக்கரிக்காரரும் டீச்சரும் துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி, அட்டவணை எங்கே என்றார். டீச்சர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறியபோது வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசற்படியைத் தாண்டவில்லை, கடைவாயில் பேக்கரிக்காரர் வண்டி கடகடத்தது. ஒரு வாரமாகக் கவனிக்காத இணைப்பு. மூன்றாவது பெட்டி பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. பேக்கரிக்காரர் கண்ட்ரோலரை வைத்தார், கையைப் பின்னால் கட்டினார். டீச்சரும் கட்டினார். யாரும் கூரையைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு நேரமும் இல்லை, அவர் அதற்குள் வந்துவிட்டார்.

பெட்டியை எடுத்தார். எல்லார் எதிரிலும் அது அவர் கையில் ஆடியது. மறைக்கவில்லை, மறு கையால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படியே திரும்பி, வாசற்படியைப் பார்த்து நீட்டினார்.

"நீ வை."

அவள் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். டீச்சர் வந்து வாங்கிக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு பலகையருகே போனாள். பெட்டியை வாங்கினாள். எத்தனை காலையில், ஆளில்லாத இந்த அறையில், கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம். முன்சக்கரத்தை வைத்தாள். பின்சக்கரம் இறங்கியது. மறுபடி வைத்தாள். இப்போது முன்சக்கரம் இறங்கியது. மூன்று பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருவர் அவர். குனிந்து பார்த்தால், நடுங்குவது அவள் கை.

"வரலைங்க" என்றாள்.

அவர் அவள் பக்கத்தில் குனிந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, மற்ற இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எல்லா வண்டியும் நிக்கட்டும். அவ வைக்கிற வரைக்கும் இங்க யாருக்கும் அவசரம் இல்ல."

டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் சுற்றிக்கொண்டிருந்த தன் வண்டியை மாமியார் வீட்டில் நிறுத்தினார். அட்டவணையை எடுத்துப் பார்க்கவில்லை. அவள் மூச்சை விட்டு, பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.